போளி வேணும்னா எங்கே அமுக்கணும்?

திருவனந்தபுரம் வலியசாலைத் தெருக்களில் பட்சணமும் கொண்டாட்ட வற்றலும் செய்து விற்கும் மாமிகளுக்கும், தேகண்டம் என்கிற கல்யாணச் சமையலை ஏற்று நடத்தும் மாமாக்களுக்கும், ஆரியசாலை, சாலைக் கடைத்தெரு அண்ணாச்சிகளுக்கும், பாட்டும் வீணையும் சொல்லிக்கொடுக்கும் டீச்சர்களுக்கும், வணக்கம்.

உங்களில் பலர் இப்போது வெப்சைட் வைத்திருக்கிறீர்கள். நான் பிழைப்புக்கு இப்படிப்பட்ட தளங்களில் வாசகம் எழுதுகிறவன், குடியிருப்பதும் இந்தப் பக்கம்தான். அதனால் தெரிந்தவர்கள் தளங்களைத் திறந்து பார்ப்பது வழக்கமாகிவிட்டது. படங்கள் நன்றாக இருக்கின்றன. மாலை போட்ட தாத்தா இருக்கிறார். காந்தளூர் மகாதேவர் கோயில் இருக்கிறது. சில தளங்களில் ராஜராஜ சோழனே வந்துவிடுகிறான். 985 முதல் 1014 வரை ஆண்ட அந்த மன்னனின் மெய்க்கீர்த்தியில் காந்தளூர்ச் சாலை வருகிறது, அது நம் வலியசாலைதான் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள், அப்படிப்பட்ட மண்ணில் பிழிந்த முறுக்கு இது என்று போகிறது கதை. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் ரெண்டு கிலோ தேன்குழல் வேண்டும் என்று நாகர்கோவிலிலிருந்தோ ஷார்ஜாவிலிருந்தோ வருகிற ஒருவர் ராஜராஜனையும் தாத்தாவையும் கடந்து கீழே இறங்கினால் அங்கே ஒரு சாம்பல் நிறக் கட்டம் கிடக்கிறது. அதில் ‘சமர்ப்பி’ என்று எழுதியிருக்கிறது. எதைச் சமர்ப்பிப்பது, யாருக்கு? சமர்ப்பித்தால் தேன்குழல் வருமா, வெறும் போன் வருமா, ஒன்றுமே வராதா?

அந்த ஒரு கட்டத்தைப் பற்றித்தான் இந்த மடல். பட்டன் என்றே சொல்கிறேன். பொத்தான் என்றால் பேச்சு சட்டைக்குப் போய்விடும்.

பட்டனில் இருக்கும் சொல்லை வாடிக்கையாளருக்கு இடும் ஏவலாக நினைப்பதில்தான் கோளாறு தொடங்குகிறது. அமுக்கு, அனுப்பு, பதிவு செய். ஆனால் அந்த இடத்தில் பேச வேண்டியவர் நீங்கள். இதை அமுக்கினால் எங்கள் பக்கத்தில் இன்னது நடக்கும் என்று நீங்கள் கொடுக்கிற வாக்கு அது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் திவான் ராஜா கேசவதாஸ் சாலைக் கடைத்தெருவை உண்டாக்கிய நாள் தொட்டு இங்கே வியாபாரம் வாய்ப்பேச்சில்தான் நடக்கிறது. கொத்தமல்லி உண்டா என்று கேட்டவருக்குப் பதில் அந்த நிமிஷமே வரும்: இருக்கிறதா, என்ன விலை, புதுசா பழசா, அரைக் கிலோ கிடைக்குமா, சாயங்காலம் வீட்டுக்கு வருமா. வெப்சைட்டில் கல்லாவில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. அந்தப் பதிலைப் பட்டன்தான் சொல்லியாக வேண்டும்.

அதனால், பட்டனில் என்ன எழுதலாம் என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இதுதான்: அமுக்கினதும் உங்கள் வீட்டில் யார், என்ன செய்வீர்கள்? ‘நான் போனைப் பார்த்துட்டு, அளவு கேட்டுட்டு, மறுநாள் காலையிலே போட்டுத் தருவேன்’ என்று ஒரு மாமி சொன்னால் வாசகம் அதற்குள்ளேயே இருக்கிறது: ‘நாளைக் காலைக்குச் சொல்லி வைக்க’. பதில் தெளிவாக வரவில்லை என்றால் குறை வாசகத்தில் இல்லை, ஏற்பாட்டில் இருக்கிறது. அதை எந்த எழுத்தாளனாலும் சரிசெய்ய முடியாது.

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அடிக்கடி எடுத்துச் சொல்லும் ஒரு சம்பவம் உண்டு. ஜாரெட் ஸ்பூல் என்ற அமெரிக்க வல்லுநர் 2009இல் எழுதியது. கடையின் பெயரை அவர் வெளியிடவில்லை, பெரிய இணையக் கடை என்று மட்டும் சொன்னார். சாமான்களைக் கூடையில் போட்டுக்கொண்டு பணம் கட்ட வருகிறவர்களை அந்தத் தளம் ஒரு சின்னப் படிவத்தில் நிறுத்தியது. மின்னஞ்சல், கடவுச்சொல், இரண்டு பட்டன்கள். பழைய ஆள் என்றால் ‘உள்நுழை’, புதியவர் என்றால் ‘பதிவு செய்’. கடைக்காரர்களுக்கு இது வாடிக்கையாளருக்குச் செய்த வசதி. ஒருதரம் பதிந்துவிட்டால் அடுத்த முறை சுலபம் அல்லவா? வாங்குகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோது நிலைமை வேறு மாதிரி இருந்தது. புதியவர்கள் எரிச்சலானார்கள். நான் சாமான் வாங்க வந்தேன், உறவு கொண்டாட வரவில்லை என்ற எரிச்சல். பழையவர்களுக்கு எந்த மின்னஞ்சல், எந்தக் கடவுச்சொல் என்று நினைவில்லை. வாடிக்கையாளர்களில் 45 சதவீதம் பேர் ஒன்றுக்கு மேற்பட்ட முறை பதிந்திருந்தார்கள், சிலர் பத்து முறை. கடவுச்சொல் மறந்துவிட்டது என்ற வேண்டுகோள் நாளுக்கு ஒரு லட்சத்து அறுபதாயிரம் வரை வந்தது. அப்படிக் கேட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் வாங்காமலே போனார்கள்.

மாற்றியது ரொம்பக் கொஞ்சம். ‘பதிவு செய்’ பட்டனை எடுத்துவிட்டு ‘தொடர்க’ என்று வைத்தார்கள். வாங்குவதற்குக் கணக்குத் தொடங்க வேண்டியதில்லை என்று பக்கத்தில் ஒரு வரி போட்டார்கள். வாங்கி முடித்தவர்கள் 45 சதவீதம் கூடினார்கள். முதல் வருஷத்தில் கூடுதலாக வந்த விற்பனை 30 கோடி டாலர் என்கிறார் ஸ்பூல்.

அந்தக் கோடிகள் நமக்கு வேண்டாம். ஒரு பாக்கெட் கொண்டாட்டம் வாங்க வந்தவரிடம் நம் தளம் என்னென்ன கேட்கிறது என்று மட்டும் பாருங்கள். பெயர், மின்னஞ்சல், கடவுச்சொல், அதே கடவுச்சொல் இன்னொரு தரம், பிறந்த தேதி. பிறந்த தேதி எதற்கு? ஜாதகமா பார்க்கப்போகிறோம்? பெயரும் போன் நம்பரும் அனுப்ப வேண்டிய விலாசமும் போதும். நேரில் வந்து வாங்கிக்கொள்வதானால் விலாசமும் வேண்டாம். கேட்பதைக் குறைத்துவிட்டால் பட்டனில் ‘பதிவு செய்’ என்ற வார்த்தைக்கு வேலையே இல்லாமல் போய்விடும்.

ஒவ்வொரு தொழிலுக்கும் வாக்கு வேறு, அதனால் பட்டனும் வேறு. கடன் வாங்கிய ‘இப்போதே வாங்கு’ எல்லாருக்கும் ஒட்டாது.

போளியை எடுத்துக்கொள்ளுங்கள். நம்மூர் விருந்தில் இலையில் போளியைப் போட்டு அதன்மேல் பால்பாயசம் ஊற்றினால்தான் சாப்பாடு நிறைந்தது என்று இருப்பவர்கள் நாம். போளி அன்றன்றைக்குப் போட்டு அன்றன்றைக்குத் தீர வேண்டிய சரக்கு. அதற்கு ‘கூடையில் சேர்’ என்ற பட்டன் எதற்கு? ‘ஞாயிற்றுக்கிழமைக்குப் போளி சொல்லி வைக்க’ என்று இருக்கட்டும். கீழே சின்னதாக ஒரு வரி: சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள் சொன்னால் போதும், கூரியரில் அனுப்புவதில்லை. ஷார்ஜாக்காரர் அந்த வரியைப் படித்துவிட்டுப் போளியை விட்டுவிடுவார், ஆனால் வடுமாங்காயைத் தேடி அடுத்த பக்கத்துக்குப் போவார். முடியாது என்பதை முன்னாலேயே சொல்லிவிடும் கடைமேல் நம்பிக்கை கூடுகிறது. இதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நேரில் வருகிறவரிடம் தினமும் செய்கிற காரியத்தைத்தான் தளத்தில் விட்டுவிடுகிறீர்கள்.

அப்பளம், கொண்டாட்டம், ஊறுகாய், நேந்திரங்காய் வறுவல், சர்க்கரை வரட்டி எல்லாம் தாங்கும் சரக்கு. அங்கே ‘வாங்க’ என்பது சரியான சொல், ஆனால் விலை பக்கத்தில் இருக்க வேண்டும், அதுவும் தபால் கூலி சேர்த்து. விலை எழுதாத இடத்தில் இருக்கும் ‘வாங்க’ பட்டனை அமுக்க எனக்கே கை வராது.

தேகண்டக்காரர்கள் கதை முற்றிலும் வேறு. முந்நூறு இலைக்குச் சமையலை யாரும் பட்டன் அமுக்கி வாங்கப் போவதில்லை. பெண் வீட்டார் மனசில் இருக்கும் முதல் கேள்வி ருசியோ விலையோ அல்ல, அந்த முகூர்த்தத்துக்கு ஆள் இருக்கிறாரா என்பதுதான். ‘உங்கள் தேதி காலியாக இருக்கிறதா என்று கேட்க’ என்று பட்டனில் இருந்தால் அமுக்குகிறவருக்குப் பயம் இல்லை. கேட்பதற்குக் காசு கிடையாது, கேட்டதால் கட்டுப்பட்டதும் இல்லை. ‘புக் செய்’ என்று இருந்தால் அட்வான்ஸ் கேட்டுவிடுவார்களோ என்று விரல் பின்வாங்கும். வைதிகம் செய்து வைக்கும் வாத்தியார்களுக்கும் இதே விதி.

சாலைக் கடைத்தெரு பூஜைச் சாமான் கடைகளுக்கு என் கணக்கில் மிக நல்ல பட்டன் இன்னும் யாரும் வைக்காத ஒன்று. கணபதி ஹோமமோ, கிருஹப்பிரவேசமோ, வாத்தியார் ஒரு காகிதத்தில் லிஸ்ட் எழுதிக் கொடுக்கிறார். அந்தக் காகிதத்தைக் கொண்டு வந்து நீட்டினால் கடைப்பையன் மளமளவென்று எடுத்து வைக்கிறான். அதையே தளத்தில் செய்யலாம். நூற்றுக்கணக்கான சாமான்களுக்குப் படம் எடுத்து ஒவ்வொன்றின் கீழேயும் பட்டன் வைப்பதை விட, ‘வாத்தியார் கொடுத்த லிஸ்ட்டை அனுப்ப’ என்று ஒரே ஒரு பட்டன். அமுக்கினால் வாட்ஸ்ஆப் திறக்கும், லிஸ்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்பிவிடலாம். மொத்தத் தொகை எவ்வளவு, எப்போது வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று கடையிலிருந்து பதில் போகும்.

வீணை டீச்சருக்கு: ‘சேர’ வேண்டாம். ‘ஒரு வகுப்பு வந்து பார்க்க’ போதும்.

இனி, பாஷை. இது நம் பக்கத்தில் எல்லா ஊரையும் விடச் சிக்கலானது. வீட்டில் தமிழ் பேசுகிறோம், பள்ளிக்கூடத்தில் மலையாளமோ இங்கிலீஷோ படித்தோம். நம் தெருவிலேயே தமிழ் சரளமாகப் பேசி, தமிழ் எழுத்தைக் கூட்டிக் கூட்டி வாசிக்கிறவர்கள் நிறைய. அதனால் தமிழ்க் கடை என்ற அபிமானத்தில் பட்டனைத் தமிழில் மட்டும் வைத்தால் பக்கத்து வீட்டுக்காரரே தடுமாறுவார். யார் வாங்குகிறார்கள் என்று பாருங்கள். வாங்குகிறவர்கள் சென்னையிலும் நாகர்கோவிலிலும் திருநெல்வேலியிலும் இருந்தால் தமிழ். ஓணத்துக்கு வறுவல் வாங்குகிற உள்ளூர்க்காரர்கள் என்றால் மலையாளம். இரண்டும் உண்டென்றால் பக்கத்தை இரண்டாகப் பிரித்துவிடுங்கள், தமிழ்ப் பக்கம், மலையாளப் பக்கம் என்று. ஒரே பட்டனுக்குள் மூன்று மொழிகளைத் திணித்தால் அது ரயில்வே ஸ்டேஷன் பெயர்ப் பலகையாகிவிடும்.

தமிழில் எழுதுவதானால் வினையின் வடிவத்தைக் கவனிக்க வேண்டும். மலையாளத்துக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு. ‘உக’ என்று முடித்துவிட்டால் பெரியவர், சின்னவர் எல்லாருக்கும் பொது, யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். தமிழில் ‘வாங்குக’ என்று எழுதினால் பாடப்புத்தக வாடை அடிக்கிறது. ‘வாங்கவும்’ என்றால் ஆபீஸ் நோட்டீஸ். ‘வாங்கு’, ‘அனுப்பு’, ‘சமர்ப்பி’ எல்லாம் ஒருமை. மென்பொருள் கம்பெனிகள் அப்படித்தான் வைத்திருக்கின்றன, கம்ப்யூட்டருக்கு இடும் கட்டளைதானே என்று அவர்கள் நியாயம் சொல்வார்கள். ஆனால் எழுபது வயது மாமா உங்கள் தளத்தில் ‘அனுப்பு’ என்று பார்த்தால் அது தன்னைச் சொன்னதாகத்தான் படும். ‘அனுப்புங்கள்’ மரியாதையானது, கொஞ்சம் நீளம். ‘அனுப்ப’, ‘வாங்க’, ‘கேட்க’, ‘சொல்லி வைக்க’ என்று நிறுத்திக்கொள்வதுதான் எனக்குப் பிடித்தது. அதில் ஏவலும் இல்லை, கெஞ்சலும் இல்லை. இந்த இடத்தில் இந்தக் காரியம் நடக்கும் என்று வழி காட்டுகிறது, அவ்வளவுதான்.

‘இங்கே கிளிக் செய்யவும்’ என்ற வாசகத்தை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். பட்டன் என்றாலே அமுக்கத்தான். கண் தெரியாதவர்களின் போன், திரையில் உள்ளதை வாய்விட்டு வாசித்துக் காட்டும். அப்படிக் கேட்கும்போது பக்கத்தில் உள்ள பட்டன்களை மட்டும் தனியாகத் தாவித் தாவிக் கேட்பதும் உண்டு. ‘இங்கே கிளிக், இங்கே கிளிக், இங்கே கிளிக்’ என்று வரிசையாகக் கேட்டால் அவருக்கு என்ன புரியும்?

எந்தச் சொல் அதிகம் விற்கும் என்று சோதித்துப் பார்க்கலாமே என்று இளவட்டங்கள் கேட்பார்கள். பெரிய உதாரணங்கள் இருக்கின்றன. 2008 தேர்தலுக்கான ஒபாமா பிரசாரத் தளத்தில் டான் சிரோக்கர் குழு நான்கு பட்டன் வாசகங்களையும் ஆறு படங்கள், வீடியோக்களையும் கலந்து 24 விதமாகப் பார்வையாளர்களுக்குக் காட்டியது. ‘பதிவு செய்’ என்ற பழைய பட்டனைத் தோற்கடித்தது ‘மேலும் அறிக’. குடும்பப் படமும் அந்தப் பட்டனும் சேர்ந்தபோது பதிந்தவர்கள் 8.26 சதவீதத்திலிருந்து 11.6 சதவீதமாக உயர்ந்தார்கள். கூகுள் எந்த நீலம் நல்லது என்று 41 நீலங்களைச் சோதித்தது. அந்தப் போக்கு பிடிக்காமல் அதன் வடிவமைப்பாளர் டக்ளஸ் போமன் 2009இல் வேலையை விட்டுப் போனதும் பிரபலமான சமாசாரம்.

இதில் இரண்டு பொறிகள் இருக்கின்றன. ஒன்று, ‘மேலும் அறிக’ அங்கே ஜெயித்தது என்று நாமும் அதை எடுத்து ஒட்டுவது. அங்கே வந்தவர்களில் பலர் அந்த மனிதரை அப்போதுதான் அறிமுகம் செய்துகொண்டிருந்தார்கள், நன்கொடைக்கும் தொண்டுக்கும் அவர்களை அழைக்க வேண்டியிருந்தது. நம்மிடம் வருகிறவருக்கு வடுமாங்காயைப் பற்றி மேலும் அறிய ஒன்றும் இல்லை. இரண்டாவது, எண்ணிக்கை. அவர்களிடம் வந்தவர்கள் லட்சக்கணக்கில். உங்கள் தளத்துக்கு மாசம் இருநூறு பேர் வந்து, பாதிப் பேருக்கு ஒரு பட்டனும் மீதிப் பேருக்கு இன்னொன்றும் காட்டி, மூன்று பேர் இங்கே, ஐந்து பேர் அங்கே வாங்கினால் அதிலிருந்து ஒன்றும் தெரியாது. அந்த இரண்டு பேர் வித்தியாசம் நாள் கிழமையாலும் வரும், மழையாலும் வரும். அந்தச் சோதனைக்கு மாசச் சந்தா கட்டச் சொல்லி யாராவது வந்தால் மோர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

சின்னக் கடைக்கு ஏற்ற சோதனை பைசா செலவில்லாதது. உங்கள் வீட்டைச் சேராத, தளத்தை முன்பின் பார்க்காத ஒருவர் கையில் அவருடைய போனையே கொடுத்து, ‘ஞாயிற்றுக்கிழமைக்குப் பத்துப் போளி வேணும், இதுலே சொல்லுங்கோ’ என்று மட்டும் சொல்லுங்கள். பிறகு வாயைத் திறக்கக் கூடாது. இதுதான் கஷ்டம். அவர் மேலும் கீழும் தேடும்போது ‘அதோ, அந்தப் பச்சைக் கட்டம்’ என்று கை நீட்டத் தோன்றும். நீட்டாமல் இருந்தால் விரல் எங்கே தயங்குகிறது என்று தெரியும். நாலைந்து பேரிடம் இதைச் செய்தால், அவர்கள் எல்லாரும் தடுக்கி விழுகிற இடம் ஒன்றே என்று தெரிந்துவிடும்.

பெரும்பாலும் தடுக்குவது அளவிலும் இடத்திலும்தான். பால் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954லேயே வாய்பாடாகப் போட்டுக் காட்டிவிட்டார்: குறி சின்னதாகவும் தூரமாகவும் இருந்தால் கை போய்ச் சேர நேரமாகும். ஆப்பிள் தன் போன்களுக்கு 44 புள்ளி அகல உயரமாவது இருக்கட்டும் என்கிறது. கூகுள் கேட்பது 48. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ 3 சி அமைப்பு 2023 அக்டோபரில் வெளியிட்ட அணுகல் வழிகாட்டி 24 பிக்சலுக்குக் கீழே போகாதே என்கிறது. உங்கள் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் வயதானவர்கள், நான் பெரிய எண்ணையே எடுத்துக்கொள்வேன். நிறத்தில் மந்திரம் கிடையாது. ஆரஞ்சு விற்கும், சிவப்பு பயமுறுத்தும் என்பதெல்லாம் கதை. பக்கத்தில் மற்ற எதற்கும் இல்லாத நிறமாக இருக்க வேண்டும், எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச வித்தியாசம் நாலரைக்கு ஒன்றாவது இருக்க வேண்டும். மஞ்சள்மேல் வெள்ளை எழுத்து மங்களகரமாக இருக்கலாம், வெயிலில் படிக்க முடியாது. தமிழ் வாசகம் நீளமாக வரும், பட்டனில் இரண்டு வரியானால் ஆகட்டும். எழுத்தைச் சிறிதாக்கி ஒரு வரியில் அடைக்காதீர்கள். பக்கத்துக்கு முக்கியமான பட்டன் ஒன்றே ஒன்று, திறந்ததும் கண்ணில் படும் உயரத்தில். ராஜராஜன் கீழே இருக்கட்டும். ஆயிரம் வருஷம் காத்திருந்தவர், கொஞ்சம் பொறுத்துக்கொள்வார்.

போன் நம்பரைப் படத்துக்குள் எழுதி வைப்பதை நம்மூர்த் தளங்களில் நிறையப் பார்க்கிறேன். படத்திலிருக்கும் நம்பரை அமுக்கினால் போன் போகாது, பலருக்கு நகல் எடுக்கவும் தெரியாது. காகிதத்தில் எழுதிக்கொண்டு திரும்ப அடிக்க வேண்டும். அதை எழுத்தாக வைத்து, அமுக்கினால் அழைப்பு போகும்படி செய்வது அஞ்சு நிமிஷ வேலை. வாட்ஸ்ஆப்புக்கும் அப்படி ஒரு சுட்டி உண்டு. 91 சேர்த்து நம்பரைக் கொடுக்க வேண்டும், முன்னால் கூட்டல் குறியோ பூஜ்யமோ நடுவில் கோடோ கூடாது. அதிலேயே ‘நமஸ்காரம், எனக்கு வேண்டியது:’ என்று முதல் வரியை எழுதி வைத்துவிடலாம், வாடிக்கையாளர் மீதியை நிரப்பினால் போதும். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் திரும்பிப் போகிறவர்களுக்கு அந்த ஒரு வரி பெரிய உபகாரம்.

இன்னொரு வேடிக்கை, யுபிஐ கட்டம். 2016இல் வந்த ஏற்பாடு இன்று இளநீர்க்காரர் வண்டியிலும் தொங்குகிறது. கடையில் ஒட்டிய அதே கியூஆர் படத்தை எடுத்துத் தளத்திலும் போட்டு, ‘ஸ்கேன் செய்து பணம் அனுப்பவும்’ என்கிறோம். தளத்தைப் பார்ப்பது போனில். அந்தப் போனின் கேமராவால் அந்தப் போனின் திரையையே எப்படி ஸ்கேன் செய்வது? பலர் வீட்டில் இன்னொருவர் போனைக் கடன் கேட்கிறார்கள். கட்டத்தின் பக்கத்தில் யுபிஐ விலாசத்தை எழுத்தாகக் கொடுத்து, ‘விலாசத்தை நகல் எடுக்க’ என்று ஒரு பட்டன் வையுங்கள். தொகையையும் கணக்கிலிருக்கும் பெயரையும் பக்கத்தில் போடுங்கள். கடை பெயர் ஒன்றும் கணக்குப் பெயர் வேறொன்றும் வந்தால், பணம் யாருக்குப் போகிறதோ என்று ஜனங்கள் நிறுத்திவிடுவார்கள். நிறுத்துவதும் நியாயம்தான்.

சட்டம் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பெரிய தளங்களைப் பார்த்துச் சில தந்திரங்கள் இங்கேயும் வந்துவிட்டன. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று அறிவித்த வழிகாட்டுதல்கள் 13 விதமான ஏமாற்று வடிவமைப்புகளைப் பெயர் சொல்லித் தடுக்கின்றன. இல்லாத அவசரத்தைக் காட்டுவது அதில் ஒன்று. அடுக்களையில் அஞ்சு டப்பா தேன்குழலை வைத்துக்கொண்டு ‘ரெண்டு பாக்கெட்தான் பாக்கி’ என்று எழுதினால் அது இதில் சேரும். வேண்டாம் என்கிறவரைக் கூச வைப்பது இன்னொன்று: ‘வாங்க’ என்ற பட்டனுக்குக் கீழே ‘இல்லை, எனக்கு ருசி தெரியாது’ என்று வைப்பது. சிரிப்புக்கு என்று நினைத்து வைக்கிறார்கள், படிக்கிறவருக்குச் சிரிப்பு வராது. மூன்றாவதைத்தான் நம் பக்கத்தில் நல்ல மனசோடேயே செய்துவிட வாய்ப்பு உண்டு. கோயில் அன்னதானத்துக்குப் பத்து ரூபாய் என்று கேட்காமலே தொகையில் சேர்த்துவிடுவது. புண்ணிய காரியமானாலும், வாங்குகிறவர் சம்மதம் இல்லாமல் கூடையில் ஏற்றினால் தப்பு தப்புதான். நன்கொடையையும் அந்த வழிகாட்டுதல் தெளிவாகவே சேர்த்துச் சொல்கிறது. முன்கூட்டியே டிக் போட்டு வைத்து அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வதை 2020ஆம் வருஷத்து மின்வணிக விதிகளே கூடாது என்றுவிட்டன. டிக் இல்லாத வெற்றுக் கட்டத்தை வையுங்கள். கொடுக்க நினைக்கிறவர் தானே டிக் போடுவார்.

ஜெர்மனியில் 2012 ஆகஸ்ட் 1 முதல் பட்டன் வாசகத்துக்கே சட்டம் இருக்கிறது. அமுக்கினால் பணம் கட்டும் கடமை வருகிறது என்பது பட்டனிலேயே தெளிவாக இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் வாங்கினவர் கட்டுப்பட மாட்டார். ஒருவர் புக்கிங் டாட் காம் வழியாக ஹோட்டலில் அறை பிடித்துவிட்டு வராமல் இருந்துவிட்டார். ஹோட்டல் ரத்துக் கட்டணம் கேட்டது. பட்டனில் இருந்தது ‘புக்கிங்கை முடிக்க’ என்ற பொருளில் ஒரு வாசகம். வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய் 2022 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது: பார்க்க வேண்டியது பட்டனில் உள்ள சொற்களை மட்டுமே, சுற்றி எங்கே என்ன விளக்கம் எழுதியிருந்தாலும் கணக்கில் வராது. அந்தச் சொல் பணம் கட்டுவதைக் குறிக்குமா என்பதை மட்டும் உள்ளூர் நீதிமன்றம் ஜெர்மன் பேச்சுவழக்கைக் கொண்டு முடிவு செய்துகொள்ளட்டும் என்றார்கள். நமக்கு அந்தச் சட்டம் இல்லை. இருந்தாலும் தேகண்டத்துக்கு அட்வான்ஸ் வாங்கும் பட்டனில் ‘அட்வான்ஸ் 5,000 ரூபாய் கட்ட’ என்று தொகையோடு எழுதிவிட்டால் பின்னால் வாய்ச்சண்டை வராது.

அமுக்கின பிறகு என்ன தெரிகிறது என்பதையும் பாருங்கள். பல தளங்களில் ஒன்றும் தெரிவதில்லை. படிவம் காலியாகிறது, அவ்வளவுதான். போயிற்றா இல்லையா என்று தெரியாமல் வாடிக்கையாளர் மறுபடி அமுக்குவார், உங்களுக்கு ஒரே ஆர்டர் மூன்று தரம் வரும். ‘வந்து சேர்ந்தது. இன்று சாயங்காலத்துக்குள் கூப்பிடுவோம்’ என்ற ஒரு வரி வேண்டும். சாயங்காலம் என்று எழுதினால் சாயங்காலம் கூப்பிட வேண்டும்.

கூப்பிட முடியாத நாட்களும் உண்டு. நவராத்திரிக்கு வேளிமலைக் குமாரசுவாமி ஆரியசாலைக் கோயிலில் வந்து தங்கும் நாட்களில் இந்தத் தெருக்களில் யார் கையில் போன் இருக்கிறது? ஆற்றுக்கால் பொங்கல் அன்று கேட்கவே வேண்டாம். வீட்டில் தீட்டு வந்தால் அடுக்களையே மூடிக் கிடக்கிறது. அந்த நாட்களிலும் ‘நாளைக் காலைக்குச் சொல்லி வைக்க’ என்று பட்டன் ராவும் பகலும் வாக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. கடையின் பலகைக் கதவைப் போல அதையும் அடைக்க வேண்டியபோது அடைத்து, திறக்கும் நாளை வெளியில் எழுதிப் போட வேண்டும்: ‘விஜயதசமிக்கு மறுநாள் முதல் சொல்லி வைக்கலாம்’ என்று.

அதற்குப் பட்டனை மாற்ற உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இங்கேதான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறீர்கள். தளத்தைப் போட்டுக் கொடுத்தவன் பெங்களூரில் இருக்கும் மருமான், பாஸ்வேர்டு அவனிடம். அல்லது கழக்கூட்டத்தில் வேலை பார்த்த பக்கத்து வீட்டுப் பையன், அவன் இப்போது கனடாவில். ஒரு வாசகத்தை மாற்ற அவன் ராத்திரி ஷிஃப்ட் முடிந்து எழுந்திருக்கும்வரை காத்திருக்கிறீர்கள். ஆவணி பிறக்கட்டும், ஓணம் முடியட்டும் என்று தள்ளாமல் இந்த வாரமே கூப்பிட்டு, பாஸ்வேர்டு என்ன, தளத்தின் பெயருக்கு வருஷா வருஷம் பணம் யார் பெயரில் போகிறது, பட்டனின் எழுத்தை எந்த இடத்தில் மாற்றுவது என்ற மூன்றையும் கேட்டு, மளிகைக் கணக்கு எழுதுகிற நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். எழுதினதும் அவன் லைனில் இருக்கும்போதே ஒருதரம் நீங்களே மாற்றிப் பாருங்கள். ‘சமர்ப்பி’யை எடுப்பதிலிருந்து தொடங்கலாம்.

இப்படிக்கு,
வலியசாலைக்காரன் ஒருவன்